ஆடும் முன்பல்

என்னங்க, நலம்தானே? உங்கள் இருமல் விட்டதா? பாப்பா நேரத்துக்குச் சாப்பிடுகிறாளா?

நான் சுகம். திங்கட்கிழமை மட்டும் ஒத்திகைக் கூடத்துப் படியில் வழுக்கிவிட்டது. சாக்ஸபோனுக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டு கையாலும் அதை நெஞ்சோடு கட்டிக்கொண்டதால் முகம்தான் கைப்பிடிக் கம்பியில் மோதியது. மேல் முன்பல் கொஞ்சம் ஆடுகிறது, அவ்வளவுதான். பதறாதீர்கள்.

ஊதும்போது அந்தப் பல்லைத்தான் வாத்தியத்தின் முனையில் ஊன்ற வேண்டும். இப்போது உதட்டை மடித்துப் பல்லுக்கு மெத்தை போட்டு ஊதுகிறேன். சத்தம் தணிந்துவிட்டது. "என்னம்மா, ஜாஸ் வாசிக்கச் சொன்னா தாலாட்டு வாசிக்கிறே?" என்று டிரம்ஸ்காரர் சிரித்தார். குழுத்தலைவர் சிரிக்கவில்லை. என்னை நிரந்தரமாக எடுப்பதா என்று வெள்ளிக்கிழமை சொல்வாராம். பதினோரு வருடம் ஹோட்டல் வரவேற்பறைகளில் யாரும் கேட்காமல் ஊதிய பிறகு வந்த வாய்ப்பு இது.

உங்கள் பழைய பருத்திச் சட்டை ஒன்று அனுப்புங்கள். வாசித்து முடித்ததும் வாத்தியத்தின் உள்ளே ஈரம் துடைக்க வேண்டும். துவைக்காமல் அனுப்பினாலும் பரவாயில்லை.

கூப்பிடுகிறார்கள், ஓடுகிறேன். பாப்பாவுக்கு முன்பல் விழுந்த இடத்தில் புதுப்பல் எட்டிப் பார்க்கிறதா? அவளுக்கு எப்படியும் முளைத்துவிடும்.