பூமி சொன்ன பதில்

ஆடி, வெள்ளிக்கிழமை.

நத்தம் ரோட்டில் வாடகைக்கு எடுத்த கூடத்தில் இன்றுதான் முதல் நடன வகுப்பு. "உன்னை மிதித்து ஆடப்போகிறோம், பொறுத்துக்கொள்" என்று வழக்கம்போல எல்லாரையும் பூமியைத் தொட்டுக் கும்பிடச் சொன்னேன். சாணார்பட்டியிலிருந்து வரும் யாழினி மட்டும் தரையில் வைத்த கையை எடுக்கவில்லை.

"என்ன யாழினி?"

"வேணாங்குது டீச்சர்."

"யாரு?"

"கீழ இருந்து. மிதிக்க வேணாமாம்."

மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். அவள் அழ ஆரம்பித்தாள். வெளிக்காற்று பட்டால் தெளிவாள் என்று எல்லாரையும் வாசலுக்குக் கூட்டிவந்தேன். கொஞ்ச நேரத்தில் உள்ளே பெரிய சத்தம். போய்ப் பார்த்தால், கூடத்தின் நடுவே தரை உள்வாங்கிக் கிடந்தது.

கூடத்தின் சொந்தக்காரர் ஓடிவந்தார். "பழைய கெணறும்மா. நல்லாத்தான் மூடுனோம்" என்றார்.

பிள்ளைகள் பத்திரமாக வீடு சேர்ந்துவிட்டார்கள். இத்தனை வருடமாகப் பூமியிடம் பொறுத்துக்கொள்ளச் சொல்கிறேன். பதில் வரும் என்று நினைத்ததே இல்லை.

சற்றுமுன் யாழினியின் அம்மாவுக்குப் போன் செய்தேன்.

"தூங்கிட்டா டீச்சர். தூக்கத்துல யார்கிட்டயோ 'சரி, சரி'ங்குறா."

யாரிடம் என்று நான் கேட்கவில்லை.