இயற்கையின் பங்கு

மிதவை நிலையம் மூன்று, இந்தியப் பெருங்கடல், நிலநடுக்கோட்டுக்குச் சற்றுத் தெற்கே. பணிக்குறிப்பு. எழுதுபவர்: இசக்கி, வளிமண்டல வேதியியல்.

பிப்ரவரி 3, காலை 7.10

எழுந்ததும் முதல் வேலையாக, வெயில் அளக்கும் கருவியின் கண்ணாடியில் படிந்திருந்த உப்பை நல்ல தண்ணீர் விட்டுக் கழுவினேன். பிறகுதான் காபி. காற்று வடகிழக்கு, மிதம். பலூன் நிலையாக நிற்கிறது. குழாயில் கசிவு இல்லை.

பொறியாளர் டெல்வின் சிறுநீரகக் கல்லோடு கரைக்குப் போய் ஒரு மாதம் ஆகிறது. மாற்றாள் மார்ச் கடைசியில் வரும் கப்பலில்தான். அதுவரை நான் மட்டும். ஆகவே இதைப் பின்னால் படிப்பவருக்காகக் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன்.

இங்கிருந்து பதினேழு கிலோமீட்டர் உயரத்துக்கு ஒரு குழாய் போகிறது. அதன் நுனியைப் பலூன் தாங்குகிறது. அங்கே கந்தக வாயுவை விடுகிறோம். அது நுண்துகளாகி, வெயிலில் ஒரு சிறு பங்கைத் திருப்பி அனுப்புகிறது. நிலக்கரியும் எண்ணெயும் எரித்து நாம் ஏற்றிக்கொண்ட சூட்டில் கொஞ்சம் தணிகிறது. இப்படி நான்கு நிலையங்கள். எவ்வளவு விடுவது என்பதைக் கரையிலுள்ள கணினி முடிவு செய்கிறது.

ஆய்வுக்கூடம் இங்கே மட்டும்தான். வாரம் ஒரு முறை சிறு பலூன் மேலே போய், அங்குள்ள துகள்களை ஒரு வடிகட்டித் தாளில் பிடித்து வரும். எங்கள் கந்தகத்தில் அடையாளத்துக்காக ஓர் அரிய உப்பு கலந்திருக்கிறது. உப்புள்ளது மனிதர் பங்கு. உப்பில்லாதது இயற்கையின் பங்கு. அந்த அளவைக் கரைக்கு அனுப்புவது என் வேலை. ஒன்பது ஆண்டுகளாக அதைத்தான் செய்கிறேன்.

பிப்ரவரி 6, காலை 11.20

மாதிரி ஆய்வு முடிந்தது. இயற்கை: நூற்றுக்கு ஐம்பத்தெட்டு. அக்டோபரில் கிழக்குத் தீவுகளில் வெடித்த எரிமலையின் தூசு இப்போது நன்றாகப் பரவிவிட்டது. வெயில் அளவு குறைந்திருக்கிறது.

அளவை அனுப்பிய சற்று நேரத்தில் பம்பு தானாக வேகமெடுத்தது. பிழை என்று நினைத்தேன். கரையில் கட்டுப்பாட்டு அறையில் இருக்கும் ரிஃபாயைக் கூப்பிட்டேன்.

“பிழை இல்லக்கா. சரியாத்தான் ஓடுது. எரிமலைத் தூசு நம்ம தூசோட ஒட்டிக்கிட்டு, கனத்துப் போய்க் கீழ இறங்குது. நம்ம பங்கு கொறையுதில்லா? கம்ப்யூட்டர் அத நெரப்புது.”

“மேலே மொத்த நிழல் ஏற்கெனவே அதிகம் ரிஃபாய்.”

“மொத்தத்த வச்சு அது முடிவெடுக்காதுக்கா. நாடுங்க போட்ட ஒப்பந்தத்துல மூணாவது பிரிவு. இயற்கையின் பங்கில் கைவைப்பதில்லை. எரிமலைய மொதல்லயே கழிச்சுருவாங்க. அந்த மலைக்கு ஒரு பேரு வச்சிருக்கானுவ பாருங்க, சொன்னா நாக்கு சுளுக்கிக்கும்.”

மூன்றாவது பிரிவு எனக்கும் மனப்பாடம். அது இப்படி வேலை செய்யும் என்று மட்டும் யோசித்ததில்லை.

பிப்ரவரி 9, மாலை 4.40

பம்பு, குழாய், பலூன் சரி. கடல்நீரைக் குடிநீராக்கும் இயந்திரம் இருமுகிறது.

செண்பகம் அக்காவின் குரல்செய்தி. அம்பாசமுத்திரத்திலிருந்து. அப்படியே எழுதுகிறேன்.

“ஏட்டி இசக்கி, நல்லாருக்கியா? இங்க வெயிலே உறைக்கல பாத்துக்க. பிசானம் அறுத்து நெல்ல ரோட்டுல விரிச்சுப் போட்டிருக்கு, காயமாட்டேங்கு. சாயங்காலமானா வானம் குங்குமத்தக் கொட்டுன மாரி செவக்குது, பிள்ளைய எல்லாம் போட்டோ எடுக்குதுவ. தெருவுல என்ன சொல்லுதாவ தெரியுமா? ஒன் தங்கச்சி கடல்ல ஒக்காந்து வெயிலப் புடிச்சு மூட்ட கட்டுதாங்காவ. நான் சொன்னேன், அவளுக்கு ஒழுங்காச் சோறு வடிக்கத் தெரியாது, வெயில எங்க புடிக்கன்னு.”

வழக்கமான பதிலை அனுப்பினேன். எரிமலை, இயற்கை, நாங்கள் இல்லை.

உடனே திருப்பி அனுப்பினாள். “இயற்கைன்னா நான் யாருகிட்டப் போயிக் கேக்க? நீன்னாலாவது ஏசலாம்.”

சிரித்தேன். பிறகு ஆய்வுக்கூடத்தில் நெடுநேரம் எந்த வேலையும் ஓடவில்லை. முதல் முறையாக அவளிடம் பாதி உண்மையைச் சொல்லியிருக்கிறேன்.

பிப்ரவரி 12, பகல் 1.15

இங்குள்ள சிறிய கணினியில் பருவமழைக் கணிப்பு மாதிரியை ஓட்டினேன்.

பருவமழைக்கு நிலம் கடலைவிட வேகமாகச் சூடேற வேண்டும். அந்த வேறுபாடுதான் காற்றை இழுக்கிறது. நிழல் விழுந்தால் நிலம் சட்டென்று குளிர்கிறது. கடல் மெதுவாகத்தான் குளிரும். வேறுபாடு சுருங்குகிறது.

எரிமலை மட்டும் இருந்தால் தென்மேற்குப் பருவமழை மெலியும், ஆனால் வரும். எரிமலையும் எங்கள் பம்புகளும் சேர்ந்தால், பத்து ஓட்டங்களில் எட்டில் அது மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டி வருவதே இல்லை. தாமிரபரணி அணைகள் மட்டுமல்ல. தக்காணம் முழுவதும்.

எங்கள் துகள்கள் நான்கு மாதங்களில் பெரும்பாலும் இறங்கிவிடும். இந்த மாதக் கடைசிக்குள் நிறுத்தினால் ஜூன் மழையைக் காப்பாற்றலாம். மார்ச்சில் நிறுத்திப் பயனில்லை.

எல்லாவற்றையும் இயக்குநர் வேதமாணிக்கத்துக்கு அனுப்பிவிட்டேன்.

பிப்ரவரி 13, காலை 10.30

இயக்குநர் பேசினார்.

“டாக்டர் இசக்கி, உங்க அறிக்கையைப் படிச்சேன். தப்புன்னு சொல்ல மாட்டேன். ஆனா இது முப்பத்தொரு நாடு போட்ட கையெழுத்து. ஒரு வரிய மாத்தணும்னாலும் முப்பத்தொண்ணும் சம்மதிக்கணும். அடுத்த கூட்டம் செப்டம்பர்.”

“செப்டம்பர்ல பருவமழையே முடிஞ்சிருக்கும் சார்.”

“தெரியும்மா. இன்னிக்கு எரிமலைக்காக நிறுத்தினா, நாளைக்கு ஒரு நாடு வந்து, எங்களுக்குக் குளிர் ஜாஸ்தி, சூரியனைத் திருத்துங்கன்னு கேக்கும். அதுக்குத்தான் அந்தப் பிரிவு. நீங்க அளவை அனுப்புங்க. முடிவை எங்ககிட்ட விடுங்க.”

அவர் கெட்டவர் இல்லை. அந்தப் பிரிவும் கெட்டதில்லை. என் ஆசிரியர்களின் தலைமுறை வாழ்நாளெல்லாம் இதற்காகத்தான் போராடியது. சூடு ஏறுவதற்குச் சூரியன் காரணம், எரிமலை காரணம், பூமியின் இயல்பான சுழற்சி காரணம் என்று சொன்னவர்களுக்கு எதிரே, இயற்கையின் பங்கு இவ்வளவு, நம் பங்கு இவ்வளவு என்று இழை இழையாகப் பிரித்துக் காட்டினார்கள். அந்த வெற்றியைத்தான் ஒப்பந்தத்தில் எழுதி வைத்தோம். பிரித்ததை மறுபடி கூட்டிப் பார்க்கவும் வேண்டும் என்று எழுத யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

பிப்ரவரி 14, பகல் 12.05

மாதிரி: இயற்கை அறுபது. பம்பு இன்னும் வேகம்.

வால்வைக் கையால் பாதி மூடினேன். அனுமதி இல்லாமல். காரணம் எழுத வேண்டிய கட்டத்தில் ‘அதிர்வு’ என்று எழுதினேன்.

12.50. ரிஃபாய்: “அக்கா, வால்வுல கை வச்சீங்களா? மத்த மூணு நிலையமும் சேந்து ஏறுதே. நீங்க விட்டத அதுங்க இழுக்குது. டைரக்டர் மேஜைக்கு வாறதுக்குள்ள தொறந்து விட்டுருங்க. நான் அதிர்வுன்னே போட்டுக்கிடுதேன்.”

திறந்துவிட்டேன். நான் இல்லாவிட்டாலும் அது நடக்கும்.

பிப்ரவரி 17, காலை 8.00

குடிநீர் இயந்திரம் நின்றுவிட்டது. கைப்பம்பு இருக்கிறது. ஒரு குடம் நிரப்பத் தோள் வலிக்கிறது. அலை கூடியிருக்கிறது. மேடை சாய்ந்து சாய்ந்து எழுகிறது. வேலை நேரத்திலும் நடந்துகொண்டே இருக்கிறேன். மூன்று தட்டுகள், இரண்டு ஏணிகள், மறுபடியும் முதல் தட்டு. பம்பின் சத்தம் எங்கே போனாலும் காலுக்கடியில்.

பிப்ரவரி 19, மாலை 5.30

இணைப்பு விட்டுவிட்டு வருகிறது. அக்கா பேசினாள்.

“கீழ வயலும் குத்தகைக்கு வருது. கார் நெல்லு நடவுக்கு அதையும் சேத்துப் போடலாமான்னு ஒங்க அத்தான் கேக்காவ. மாசக் கடைசிக்குள்ள பதில் சொல்லணும். நீ வானத்தப் படிச்சவ. அணை நெறையுமா, சொல்லு.”

“தெரியலக்கா.”

“தெரியலன்னா?”

“தெரியல.”

“நீ தெரியலன்னு சொல்லி நான் கேட்டதே இல்லியேட்டி. பள்ளிக்கூடத்துலேந்து எல்லாம் தெரியும்னு சொல்லித்தான ஏச்சு வாங்குன.” இரைச்சல். பிறகு, “ஒடம்பு சரியில்லையா?” என்றாள்.

இணைப்பு அறுந்தது. அறுந்ததில் எனக்கு நிம்மதி. அதையும் எழுதிவைக்கிறேன்.

பிப்ரவரி 20, காலை 9.45

மாதிரி: இயற்கை அறுபத்திரண்டு. அனுப்பினேன். பம்பு வேகமெடுத்தது.

இந்த முறை பம்பைப் பார்க்கவில்லை. அனுப்பும் பொத்தானைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கணினி செய்வது ஒரு கழித்தல்தான். மேலே உள்ள மொத்த நிழலிலிருந்து நான் சொல்லும் இயற்கையின் பங்கைக் கழிக்கிறது. மிச்சம் குறைவு என்றால் பம்பை ஏற்றுகிறது. அதிகம் என்றால் இறக்குகிறது. வேண்டிய அளவின் இருமடங்கைத் தாண்டினால் நான்கு நிலையங்களையும் நிறுத்திவிடும். நின்ற பம்புகளை மறுபடி ஓட்ட முப்பத்தொரு நாடுகளும் சம்மதிக்க வேண்டும். அதுவும் ஒப்பந்தத்தில்தான் இருக்கிறது. செப்டம்பர்.

இயற்கையின் பங்கு பூஜ்யம் என்று நான் அனுப்பினால், மேலே உள்ளதெல்லாம் மனிதர் போட்டது என்று அது எடுத்துக்கொள்ளும். மிச்சம் இருமடங்கைத் தாண்டும். சரிபார்க்க வேறு ஆய்வுக்கூடம் கிடையாது.

இதை எழுதியிருக்கக் கூடாது. கிழிக்கப் போவதில்லை.

பிப்ரவரி 22

நேரம் குறிக்கவில்லை. பகல்தான்.

மனிதர் செய்ததை இயற்கை மேல் போட்டவர்களோடு மல்லுக்கு நின்ற கூட்டம் எங்களுடையது. நான் இயற்கை செய்ததை மனிதர் மேல் போடப் போகிறேனா?

ஒரு தசமத்தைக்கூட மாற்றியதில்லை. ஒரு முறை கூடுதல் வந்தபோது பலூனைத் திரும்ப அனுப்பி மறுபடி அளந்தேன். டெல்வின் கேலி செய்வான், உங்களிடம் கடவுள் வந்து சொன்னாலும் இரண்டாவது மாதிரி கேட்பீர்கள் மேடம் என்று.

கண்டுபிடிப்பார்கள். ஒரு வாரம், இரண்டு வாரம். என்னைச் சிறையில் போடுவது பெரிதில்லை. ஒன்பது ஆண்டு அளவுகளும் போகும். அதில் ஒன்று பொய் என்றால் மற்றவற்றை யார் நம்புவார்? உலகில் இயற்கையின் பங்கையும் மனிதர் பங்கையும் துகள் துகளாகப் பிரித்து வைத்த பதிவு அது ஒன்றுதான். எல்லாம் புரளி என்று அன்று சொன்னவர்களின் பிள்ளைகள் இன்றும் இருக்கிறார்கள். அவர்கள் கையிலேயே ஆதாரத்தைக் கொடுத்துவிடுவேன்.

இன்னொன்று. எரிமலைத் தூசு இரண்டு ஆண்டுகளில் இறங்கும். அதற்குள் நாடுகள் சண்டை போட்டுத் திட்டத்தையே கைவிட்டிருந்தால், அடக்கி வைத்த சூடு முழுவதும் ஒரே கோடையில் வரும். அந்தக் கோடையில் சாகிறவர்களுக்கும் பெயர் இருக்கும், தெரு இருக்கும், அக்கா இருப்பாள்.

அனுப்பாவிட்டால் இந்த ஜூன்.

இரண்டையும் கணினி மாதிரியில் ஓட்டினேன். மாதிரி எனக்காக முடிவெடுக்காது.

பிப்ரவரி 25, காலை 10.15

ரிஃபாய்: “அக்கா, கொரல் ஒரு மாரி இருக்கே. சாப்பிட்டீங்களா?”

“சாப்பிட்டேன்.”

“பொய்யி. ஒங்களுக்குப் பொய் சொல்லவே வராதுக்கா, சொன்னா ஒடனே தெரிஞ்சுரும். கப்பல்ல எங்க வீட்டுலேந்து தம்மடை குடுத்து விடுதேன். ஒரு மாசம் ஆனாலும் கெடாது.”

சொல்லிவிட வாயெடுத்தேன். சொன்னால் அவன் மறைக்க வேண்டும், அல்லது காட்டிக்கொடுக்க வேண்டும். அவனுக்கு மூன்று பெண் குழந்தைகள். கப்பல் எப்போது கிளம்பும் என்று கேட்டேன்.

பிப்ரவரி 27, காலை 9.20

மாதிரி வந்தது. இரண்டு முறை அளந்தேன். பிறகு மூன்றாவது முறை.

வடிகட்டித் தாளை முதலிலேயே இரண்டாக வெட்டியிருந்தேன். ஒரு பாதி ஆய்வில் கரைந்தது. மறுபாதியைக் கண்ணாடிக் குழாயில் போட்டு மெழுகால் மூடியிருக்கிறேன். இந்தக் குறிப்போடு தீப்பிடிக்காத பெட்டியில் இருக்கும். நல்ல ஆய்வுக்கூடம் எதுவானாலும் அளந்து பார்க்கலாம். உப்பு பொய் சொல்லாது.

நீங்கள் யாரோ, எந்த ஆண்டில் படிக்கிறீர்களோ. இதற்கு முந்தைய அளவுகள் அனைத்தும் சரி. ஒவ்வொன்றும். அவற்றைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இன்று அனுப்பியதை மட்டும் அடித்துவிட்டு, கீழே இருப்பதை எழுதிக்கொள்ளுங்கள். மழை வந்ததா என்பது உங்களுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது.

9.50. அக்காவிடமிருந்து அழைப்பு. எடுக்கவில்லை. எடுத்தால் சொல்லிவிடுவேன்.

9.54. காற்று வடகிழக்கு. அலை அதிகம். பம்பு சரி. குழாய் சரி.

9.57. உண்மை அளவு: இயற்கை அறுபத்து நான்கு. மனிதர் முப்பத்தாறு.

10.00க்கு அனுப்பப்போவது: இயற்கை பூஜ்யம். மனிதர் நூறு.