கூடையில் வந்த தும்மல்

ஜூன் 10

மருமகளுக்கு மாமனார் எழுதுவது.

'அன்புள்ள' என்று போடவில்லையே என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே. அன்பாக எழுதுகிற நிலையில் நான் இல்லை. மேனேஜருக்கு மறுபடியும் சளி.

போன ஞாயிற்றுக்கிழமை பேப்பர் வேன்காரர் பூனைக்கூடையோடு மேனேஜரை வாசலில் இறக்கியபோது அது நன்றாகத்தான் இருந்தது. கோபமாக இருந்தது, அது அதன் சுபாவம். வாரம் முடிவதற்குள் தும்மல் ஆரம்பித்துவிட்டது. ஒரு கண் பாதிதான் திறக்கிறது. மூக்கில் முதலில் தண்ணீர் வந்தது, இப்போது பச்சையாக வருகிறது. மீனை வைத்தால் கிண்ணத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்கிறது.

நீ கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவள். வருகிறவர் போகிறவர் கண்ணுக்குள் எல்லாம் விளக்கடித்துப் பார்த்து பவர் எழுதிக் கொடுக்கிறாய். சொந்த வீட்டுப் பூனையின் கண் மட்டும் உன் கண்ணில் படவில்லையா?

நாம் பேசி வைத்துக்கொண்டது என்ன? என் பையன் தூக்கிக்கொண்டு வந்த பூனை. அவன் இறந்த பிறகு ஒரு மாதம் உன்னிடம், ஒரு மாதம் என்னிடம். உடம்பு சரியாக இருந்தால்தான் வண்டி ஏற்ற வேண்டும். நீ வியாதியை ஏற்றி அனுப்புகிறாய், நான் தேற்றி அனுப்புகிறேன். நான் என்ன ஆஸ்பத்திரியா நடத்துகிறேன்?

குளியலறைக் கதவைச் சாத்தி, வெந்நீர்க் குழாயைத் திறந்துவிட்டு ஆவி பிடிக்க வைக்கிறேன். நானும் கூடவே ஸ்டூல் போட்டு உட்காருகிறேன்.

போன் செய்யாதே, எனக்குக் காது கேட்காது என்று உனக்குத் தெரியும். பதிலை எழுதி வேன்காரரிடம் கொடு.

மாமா


ஜூன் 13

மாமா அவர்களுக்கு வணக்கம்.

கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை வந்த கோபத்தில் பாதி தலையில் ஏறவில்லை.

மேனேஜரை நல்ல உடம்போடுதான் அனுப்பினேன். கூடையை மூடுவதற்கு முன் இரண்டு கண்ணையும் பார்த்தேன். நீங்கள் கிண்டல் செய்கிற அதே விளக்கை வைத்துத்தான் பார்த்தேன். மே மாதம் நடந்ததை நீங்கள் வசதியாக மறந்துவிட்டீர்கள். உங்களிடமிருந்து வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, இங்கே தும்ம ஆரம்பித்தது. மார்ச்சிலும் அதே கதைதான். நான் உங்களுக்கு இப்படிக் கடிதம் எழுதினேனா? வாயை மூடிக்கொண்டு டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

எழுதாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன். மே மாதம் கூடையைத் திறந்ததும் குப்பென்று தைல வாசனை அடித்தது. ஆவி பிடிக்கிற தண்ணீரில் தைலம் ஊற்றுகிறீர்களா? நமக்கு அது மூக்கடைப்பை எடுக்கும். பூனைக்கு அது விஷம். உடம்பை நக்கி நக்கிச் சுத்தம் செய்கிற பிராணி, ரோமத்தில் படிந்ததெல்லாம் வயிற்றுக்குள் போகும். வெறும் தண்ணீர் போதும் மாமா. நாம் போட்டுக்கொள்கிற காய்ச்சல் மாத்திரையையும் கால் துண்டுகூடக் கொடுத்துவிடாதீர்கள், உயிர் போய்விடும்.

அது முதுகைக் காட்டுவது திமிரினால் இல்லை. மூக்கு அடைத்துவிட்டால் வாசனை தெரியாது, வாசனை தெரியாவிட்டால் பூனைக்கு அது சாப்பாடே இல்லை. மீனைக் கொஞ்சம் சூடாக்குங்கள், ஒரு துளியை மூக்கு நுனியில் தடவுங்கள், நக்கிப் பார்த்தால் ஆசை வரும். கண்ணை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த பஞ்சால் துடையுங்கள். ஒரு கண்ணுக்கு வைத்த பஞ்சை மறு கண்ணுக்கு வைக்காதீர்கள். மாத்திரை கொடுத்தால் பின்னாலேயே ஊசி இல்லாத சிரிஞ்சில் கொஞ்சம் தண்ணீர் விடுங்கள், தொண்டையில் ஒட்டிக்கொண்டால் புண்ணாகும்.

டாக்டரிடம் போனீர்களா இல்லையா என்பதைத்தான் எழுதவில்லை. பூனை தொடர்ந்து பட்டினி கிடந்தால் ஈரல் கெட்டுவிடும். கோபத்தை என்மேல் காட்டுங்கள், தாங்கிக்கொள்கிறேன். அதை முதலில் டாக்டரிடம் காட்டுங்கள்.

மருமகள்


ஜூன் 20

மருமகளுக்கு,

ஆவியைப் பற்றி எனக்கு நீ பாடம் எடுக்க வேண்டாம். மில்லில் பாய்லரைப் பார்த்துக்கொண்டு அதற்குக் காதையே கொடுத்துவிட்டு வந்தவன் நான்.

டாக்டரிடம் போனேன். சின்னப் பெண். காது கேட்காது என்று சைகை காட்டியதும் மேசையைச் சுற்றி வந்து என் காதில் கத்தினாள். "தாத்தா, தைலம் போட்டீங்களா? பூனை என்ன உங்க முழங்காலா?" வெளியே பெஞ்சில் இருந்தவர்கள் அத்தனை பேரும், அவர்களுடைய நாய்களும், என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். சரி, போட்டேன். ஒரு சொட்டு. இரண்டு சொட்டு. இப்போது போடுவதில்லை. உனக்கு இப்போது மனம் குளிர்ந்திருக்குமே.

மருந்து கொடுத்திருக்கிறாள். மீனைச் சூடாக்கித்தான் வைக்கிறேன். நீ சொன்னாய் என்பதற்காக இல்லை, அவளும் அதையே சொன்னாள் என்பதற்காக. முந்தாநாள் நாலு வாய் சாப்பிட்டது. என் கட்டைவிரலை ஐந்தாவது வாயாக எடுத்துக்கொண்டது. அப்போதே தெரிந்துவிட்டது, தேறிவிடும் என்று.

இப்போது நான் முடிவு செய்ததைச் சொல்கிறேன். மாதம் முடிந்தாலும் மேனேஜரை அனுப்பப் போவதில்லை. இது அது குட்டியாக வந்திறங்கிய வீடு. அவன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்தான். "அப்பா, புது மேனேஜர் வந்திருக்காரு. நாள் பூரா தூங்குவாரு, நாமதான் எழுந்து நிக்கணும்" என்றான். எனக்குக் கேட்கவில்லை என்று மூன்று தடவை சொன்னான். மூன்று தடவையும் நீ சிரித்தாய்.

இந்த வீட்டை விட்டுப் போனவள் நீ. அவன் போய் மூன்றாவது மாதமே பெட்டியைக் கட்டினாய். ஏன் என்று நான் கேட்கவில்லை, கேட்டுத் தடுக்கிற பழக்கம் எனக்கு இல்லை. போனவர்கள் போன இடத்தில் நன்றாக இருக்கட்டும். மிச்சம் இருப்பதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

மாமா


ஜூன் 23

மாமா,

இந்தத் தடவை வணக்கம் போட மனசு வரவில்லை.

ஏன் போனேன் என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்காமலேயே சொல்கிறேன். அவர் போன பிறகு அந்த வீட்டில் நீங்கள் என்னோடு பேசியதெல்லாம் கேஸ் தீர்ந்துவிட்டது, தபால் வந்திருக்கிறது, மாடிக் கதவைச் சாத்து, அவ்வளவுதான். அவரைப் பற்றி நான் பேச்செடுத்தால் தட்டில் பாதிச் சாப்பாடு இருக்கும்போதே எழுந்து போய்விடுவீர்கள். அவருடைய செருப்பை அலமாரிக்குள் வைத்துப் பூட்டினீர்கள். வீட்டில் இரண்டே பேர். ஒருவர் பேச மாட்டார் என்றால் இன்னொருவர் சுவரோடா பேசுவார்?

குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுத்தான் அழுவேன். நான் உள்ளே போன உடனே வெளியே நீங்கள் ரேடியோவை அலற விடுவீர்கள். தினமும். உங்களுக்குச் செய்தி கேட்க வேண்டும், என் அழுகை இடைஞ்சல். காது கேட்காத மனிதருக்குக்கூட நான் இடைஞ்சல் என்றால் அந்த வீட்டில் எனக்கு என்ன வேலை? இந்த வீடு எனக்கு ஒன்றும் சொர்க்கம் இல்லை. ஒரே ஒரு அறை, கீழே லேத் பட்டறை, பகல் முழுக்க இரும்பை அறுக்கிற சத்தம். ஆனாலும் இங்கே யாரும் நான் அழும்போது ரேடியோ வைப்பதில்லை.

அந்த மூன்று மாதமும் குளியலறைக் கதவுக்கு வெளியே எனக்காக உட்கார்ந்திருந்தது மேனேஜர் ஒன்றுதான். அதையும் நானே வைத்துக்கொள்வேன் என்கிறீர்கள். எனக்கு வயிறு எரிகிறது மாமா.

ஞாயிற்றுக்கிழமை வேன்காரர் வருவார். தேறியிருந்தால் கூடையைக் கொடுத்து அனுப்புங்கள். கொடுக்காவிட்டால் நானே வந்து வாசலில் நிற்பேன். தெருவே பார்க்கட்டும்.

மருமகள்


ஜூலை 2

மருமகளுக்கு,

அனுப்பியிருக்கிறேன். தும்மல் இல்லை, கண் தெளிவாக இருக்கிறது, ஒரு வாரமாக முழுச் சாப்பாடு. வேன்காரரைச் சாட்சிக்குக் கூப்பிட்டு மூக்கைக் காட்டினேன். அவர் மூக்கைப் பார்க்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கூடைக்குள் அவனுடைய பழைய துண்டை விரித்திருக்கிறேன். துவைத்துவிடாதே. அதில் படுத்தால்தான் தூங்குகிறது.

இனிமேல் தும்மினால் நான் பொறுப்பில்லை.

மாமா


ஜூலை 11

மாமா அவர்களுக்கு,

ரேடியோவைப் பற்றி ஒரு வார்த்தை எழுதுவீர்கள் என்று பார்த்தேன். துண்டைத் துவைக்காதே என்று எழுதியிருக்கிறீர்கள். துவைக்கவில்லை.

மேனேஜர் தும்மிவிட்டது. அதே மாதிரி, வாரம் முடிவதற்குள். இந்தத் தடவை மோசம். இடது கண்ணின் கருவிழியில் புண் வந்துவிட்டது. கடை லென்ஸில் பார்த்தேன், பார்க்காமல் இருந்திருக்கலாம் என்று தோன்றியது. மூன்று நாள் ஒன்றுமே சாப்பிடவில்லை. டாக்டர் தோலுக்கு அடியில் தண்ணீர் ஏற்றினார். கடைக்கு லீவு போட்டுவிட்டு நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை கண்ணில் மருந்து விட்டுக்கொண்டிருக்கிறேன். நேற்று சாயங்காலம்தான் என் விரலிலிருந்து கொஞ்சம் மீன் கரைசலை நக்கியது.

உங்கள்மேல் இருந்த கோபத்தை எல்லாம் டாக்டரிடம் கொட்டினேன். "எங்க மாமனார் வீட்ல இருந்து வரும்போதெல்லாம் சளியோடதான் வருது" என்றேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். "உங்ககிட்ட இருந்து அங்க போனா?" போனாலும் வருகிறது என்றேன். "அப்ப இது புதுசா ஒட்டுற சளி இல்லம்மா. குட்டியில ஒரு தடவை வந்த கிருமி, உடம்பை விட்டுப் போகவே போகாது. சும்மா படுத்துக் கிடக்கும். பூனை பயந்தா, இடம் மாறினா, ஒரு வாரத்துல எழுந்துக்கும். மாசாமாசம் இடம் மாத்தறீங்களா?"

ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வந்தேன். வேன்காரரைக் கேட்டேன். "வழி பூரா கத்திக்கிட்டே வரும்மா. கேக்க முடியாம நானே பாட்டை போட்டுக்குவேன். சொன்னா சங்கடப்படுவீங்கன்னு சொல்லல" என்றார்.

நீங்களும் வியாதியை அனுப்பவில்லை, நானும் அனுப்பவில்லை. நாம் இரண்டு பேரும் சேர்ந்து நியாயமாகப் பங்கு போட்டோமே, அந்த நியாயம்தான் வியாதி. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. ஒரு வாயில்லா ஜீவனைக் கூடையில் அடைத்து மாதம் ஒரு தடவை நடுங்க வைத்திருக்கிறோம்.

இனி அது ஒரே இடத்தில்தான் இருக்க வேண்டும். யோசித்துப் பார்த்தேன். நீங்கள் சொன்னதுதான் சரி, அது வந்திறங்கிய வீடு அதுதான். இங்கே பட்டறைச் சத்தம் வேறு. கண் ஆறியதும் கடைசியாக ஒரே ஒரு தடவை ஏற்றி அனுப்புகிறேன். அதற்குப் பிறகு நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். பூனை இல்லாமல் நமக்குள் எழுதிக்கொள்ள என்ன இருக்கிறது, அதனால் அப்புறம் எனக்குக் கடிதம் எழுதச் சிரமப்பட வேண்டாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மருமகள்


ஜூலை 14

மருமகளுக்கு,

யாரைக் கேட்டு முடிவெடுத்தாய்? கருவிழியில் புண்ணோடு கிடக்கிற ஜீவனை இன்னொரு தடவை கூடையில் அடைப்பாளாம், அதற்கு ஒரு வாரம் கழித்து அது இங்கே தும்முமாம், நான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமாம். கடைசித் தடவை என்றால் மட்டும் அதற்குப் பயம் வராதா? அனுப்பினால் வேனைத் திருப்பி அனுப்புவேன். சத்தியமாகச் செய்வேன், என்னை உனக்குத் தெரியும்.

இங்கே அந்தச் சின்னப் பெண் டாக்டரிடம் போய்க் கேட்டேன். "ஆமா தாத்தா, உங்க மருமக சொல்றதுதான் சரி" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினாள். இத்தனை மாதம் நான் உன்னைத் திட்டியது வீண், நீ என்னைத் திட்டியதும் வீண். யார்மேல் காட்டுவது என்று தெரியாத கோபம் எவ்வளவு கஷ்டம் தெரியுமா?

ரேடியோவைப் பற்றிக் கேட்டிருந்தாய். எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். எனக்கு எந்தச் செய்தி கேட்கும்? பக்கத்தில் பாய்லர் வெடித்தாலும் கேட்காது. ஒரு நாள் குளியலறையிலிருந்து தண்ணீர் வழிந்து கூடம் வரைக்கும் வந்தது. நீ உள்ளே குழாயைத் திறந்துவிட்டு அழுகிறாய் என்று அதைப் பார்த்துத்தான் தெரிந்தது. வெளியே கேட்டுவிடும் என்று பயந்துகொண்டு, சத்தத்தை அடக்கி அடக்கி அழுகிறாள் பெண் என்று நினைத்தேன். என்னிடம் சொல்லி அழு என்று சொல்லத் தெரியவில்லை. அதனால் நீ உள்ளே போனதும் ரேடியோவை உரக்க வைத்தேன். அந்தச் சத்தத்தில் நீ தைரியமாக வாய்விட்டு அழலாம் என்றுதான் வைத்தேன். தொட்டித் தண்ணீரும் மிச்சமாகும். இதைப் போய் இடைஞ்சல் என்று எடுத்துக்கொண்டு வீட்டை விட்டே போவாய் என்று எனக்கு எப்படித் தெரியும்?

போன மாதம் மேனேஜரோடு ஆவியில் உட்கார்ந்தபோதெல்லாம் எனக்கும் முகமெல்லாம் நனைந்துவிட்டது. எது ஆவி, எது கண்ணீர் என்று கேட்க ஆள் இல்லை. அழுவதற்கு நல்ல இடமாகத்தான் பார்த்திருக்கிறாய்.

மேனேஜர் உன்னிடமே இருக்கட்டும். கண்ணுக்கு மருந்து விட என் கை நடுங்குகிறது, உன் கை நடுங்காது. ஆனால் நான் விட்டுக்கொடுத்துவிட்டேன் என்று நினைத்துவிடாதே. இடம் மாறினால் தும்முவது பூனைதான், நான் இல்லை. ஞாயிற்றுக்கிழமை வேனில் நானே வருகிறேன். கூடை வைக்கிற இடத்தில் எனக்கு உட்கார இடம் வேண்டும் என்று வேன்காரரிடம் சொல்லிவிட்டேன். "வழியில கத்த மாட்டீங்களே சார்?" என்று எழுதிக் காட்டினார்.

மாதம் ஒரு தடவை என்பதெல்லாம் இனிமேல் இல்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் வருவேன். உன் வீட்டில் சாப்பிட மாட்டேன். டீ குடிப்பேன். அலமாரியைத் திறந்து அவன் செருப்பை எடுத்து வைத்திருக்கிறேன், கொண்டுவருகிறேன்.

நான் வந்ததும் அவனைப் பற்றி நீ பேச வேண்டும். எதை வேண்டுமானாலும் பேசு. இந்தத் தடவை எழுந்து போக மாட்டேன். ஆனால் எனக்குக் காது கேட்காது, அதனால் என் பக்கத்தில் உட்கார்ந்து, கீழே பட்டறைக்காரர்கள் வேலையை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்க்கிற அளவுக்குச் சத்தமாகப் பேசு.

மாமா