வக்கீல் எழுதாத பதிவு

ஜூன் 12, புதன்

ஏழாம் வகுப்பு பிளாக், இணையத்தில் பிள்ளைகள் எழுதும் பக்கம், ஒருவழியாகத் தொடங்கிவிட்டது. கம்ப்யூட்டர் அறையில் பாதி மவுஸ் நகர மறுக்கிறது. ஆனாலும் பிள்ளைகள் அடித்துக்கொள்ளாமல் ஆளுக்கொரு பதிவு போட்டுவிட்டார்கள். எல்லோர் பதிவையும் திறந்து திருத்தும் உரிமை எனக்கு மட்டும். வீட்டுக்கு வந்ததும் உட்கார்ந்து எழுத்துப்பிழைகளைத் திருத்தித் தள்ளினேன். இவர் எட்டிப் பார்த்துவிட்டு, "கடை போர்டுல தப்பு இருந்தாலே உனக்குச் சோறு இறங்காது. இப்ப கேக்கணுமா?" என்றார். மருந்துக்கடையில் நாள் முழுக்க டாக்டர்களின் கோழிக்கிறுக்கலைப் படிக்கிற மனுஷனுக்கு எழுத்தின் அருமை எங்கே தெரியப்போகிறது.

ஜூன் 14, வெள்ளி

ஆளுக்கு நாலைந்து சோதனைத் தாள் கொடுத்தேன். குழாய்த் தண்ணீரில் முக்கினால், குளோரின் இருந்தால் தாள் இளஞ்சிவப்பாகும். கிருமியைக் கொல்லப் போடுகிற குளோரின் வீட்டுக் குழாய் வரை வந்து சேர்கிறதா? அதுதான் கேள்வி. படம் எடுத்துப் பதிவில் போட வேண்டும்.

"மாறலைன்னா என்ன டீச்சர் போடுறது?" என்று எழுந்தாள் வக்கீல். எதற்கெடுத்தாலும் ஆதாரம் கேட்கிற பெண் என்பதால் வகுப்பே சேர்ந்து வைத்த பெயர். அவளுக்கும் அதில் கொஞ்சம் பெருமைதான்.

ஜூன் 18, செவ்வாய்

எல்லார் தாளும் இளஞ்சிவப்பு. வக்கீலுடையது மட்டும் வெள்ளை. "மூன்று தாளில் பார்த்தேன். நிறம் மாறவில்லை. அம்மாவிடம் தண்ணீரைக் காய்ச்சச் சொல்லிவிட்டேன்" என்று எழுதியிருக்கிறாள். ஈரக் கையால் தொட்டுத் தாளைக் கெடுத்திருப்பாள். நாளைக்குக் கேட்க வேண்டும்.

ஜூன் 20, வியாழன்

கேட்கவில்லை. நேற்று பரீட்சைத்தாள் கட்டு, இன்று தலைமையாசிரியை பிடித்துக்கொண்டார். சனிக்கிழமை பெற்றோர் கூட்டத்தில் நம் பிளாக்கைப் பெரிய திரையில் காட்டப்போகிறாராம். "பார்க்கிறதுக்கு நீட்டா இருக்கட்டும் டீச்சர்." நீட் என்று சொன்னால் போதுமே எனக்கு.

வக்கீலின் பதிவில் அந்த வெள்ளைத் தாள் படத்தை எடுத்தேன். ‘நிறம் மாறவில்லை’ என்பதை ‘இளஞ்சிவப்பு’ ஆக்கினேன். காய்ச்சுகிற வரி பாடத்துக்குச் சம்பந்தமில்லாதது, அதையும் வெட்டினேன். இப்போது பக்கம் பார்க்க அழகாக இருக்கிறது.

ஜூன் 22, சனி

கூட்டம் அமோகம். கைதட்டல். வக்கீலின் அப்பா லாரி டிரைவர், அசந்துபோய்த் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னிடம் வந்து, "தண்ணியக் காய்ச்சு காய்ச்சுன்னு ஒரு வாரமா எங்க உசிர வாங்குறா டீச்சர். இங்க பார்த்தா எல்லார் வீடு மாதிரிதான இருக்கு?" என்று சிரித்தார்.

"குழந்தைங்க முதல்ல கொஞ்சம் தப்பாப் பார்த்துடுவாங்க" என்று சொன்னேன். வாய் தானாகச் சொன்னது.

ஜூன் 24, திங்கள்

மணி அடித்தும் வக்கீல் போகவில்லை. "டீச்சர், அது நான் எழுதலை. என் பேரு போட்டிருக்கு."

தாள் கெட்டுப்போயிருக்கும் என்று விளக்கினேன். "மூணும் கெட்டுப்போகுமா டீச்சர்?" என்றாள். "எல்லார் வீட்டுலயும் வந்தது உன் வீட்டுல மட்டும் வராதா?" என்று கேட்டு வாயை அடைத்தேன். பையை மாட்டிக்கொண்டு போனாள்.

அவள் கேட்டது சரியான கேள்வி. எனக்கு அப்போதே தெரியும். இன்னொரு தாளைக் கொடுத்து அனுப்பியிருக்கலாம். அலமாரியில் ஒரு டப்பா நிறைய இருந்தது.

ஜூன் 28, வெள்ளி

வக்கீல் வரவில்லை. நேற்றும் வரவில்லை.

ஜூலை 1, திங்கள்

இவர் சாப்பிடும்போது பேச்சுவாக்கில் சொன்னார்: "தண்ணித்தொட்டி பின்பக்கத் தெருவுல என்னன்னு தெரியல. வீட்டுக்கு ஒருத்தர் வயித்துப்போக்குக்கு மருந்து வாங்கிட்டுப் போறாங்க. ஒரு சின்னப் பையனை பெட்ல சேர்த்திருக்காங்களாம்."

வக்கீல் வீடு அந்தத் தெரு. அவளுக்கு ஒரு தம்பி உண்டு, நாலு வயது.

ஐயோ, நான் என்ன காரியம் பண்ணி வச்சிருக்கேன்.

ஜூலை 2, செவ்வாய்

ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவன்தான். கையில் ஊசி குத்திப் பலகை வைத்துக் கட்டியிருந்தார்கள். உதடு வெடித்துக் கிடந்தது. பிழைத்துக்கொள்வான் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். அவன் அம்மா அங்கே கிடந்த ஒரே நாற்காலியை எனக்கு இழுத்துப் போட்டார். "டீச்சரே வந்திருக்காங்க பாரு கண்ணு." என்னால் அதில் உட்கார முடியவில்லை.

டிரைவரை வராந்தாவுக்குக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன். உங்க பொண்ணு எழுதினது வேற, நான்தான் மாத்தினேன் என்று. கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் தேவலை.

தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "கூட்டத்துக்கு வந்துட்டுப் போன அன்னிக்குத்தான் காய்ச்சுறதை நிறுத்தச் சொன்னேன் டீச்சர். அவ அழுதா. டீச்சரைவிட உனக்குத் தெரியுமான்னு ஒரு அறை விட்டுட்டேன்."

வக்கீல் தம்பியின் கட்டில் ஓரம் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள், வகுப்பில் நிற்பதுபோல.

ஜூலை 5, வெள்ளி

தெருவைத் தோண்டியிருக்கிறார்கள். குடிநீர்க் குழாய் விரிசல் வழியாகச் சாக்கடை கலந்து, இருந்த குளோரினையும் தீர்த்திருக்கிறது. தம்பி வீட்டுக்கு வந்துவிட்டான்.

பழைய பதிவை பிளாக் பத்திரமாக வைத்திருந்தது. ஒரே ஒரு பொத்தான்தான், அவள் வரிகள் அப்படியே திரும்பி வந்தன. அதற்குக் கீழே நான் செய்ததை என் பெயரில் எழுதினேன். வகுப்பு முன்னால் நின்றும் சொன்னேன். தலைமையாசிரியைக்குப் பிடிக்கவில்லை, "இவ்வளவு தூரம் போகணுமா டீச்சர்?" என்றார். பிள்ளைகள் திரும்பி வக்கீலைப் பார்த்தார்கள். அவள் பென்சில் சீவிக்கொண்டிருந்தாள்.

திருத்தும் உரிமையை எடுத்துவிடச் சொல்லிக் கம்ப்யூட்டர் சாரிடம் கேட்டிருக்கிறேன். இனி அவரவர் பதிவை அவரவர்தான் தொட முடியும். செய்துவிட்டேன், சரி. மனசு ஆறவில்லை.

ஜூலை 18, வியாழன்

இன்று நாடித்துடிப்பு. மைதானத்தை ஒரு சுற்று ஓடிவிட்டு, மணிக்கட்டைப் பிடித்து எண்ணி, வந்த எண்ணைப் பதிவில் போட வேண்டும். ஒரே கூச்சல். வக்கீலும் ஓடினாள், இரண்டாவதாக வந்தாள். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்ததும் பக்கத்துப் பெண்ணின் திரையைப் பார்த்தாள், அந்தப் பக்கத்துப் பையனுடையதைப் பார்த்தாள். அப்புறம் தட்டினாள்.

கிட்டே போய், "உன் கையைப் பிடிச்சுப் பார்த்தியாம்மா?" என்று கேட்டேன்.

"பார்த்தேன் டீச்சர்."

"எவ்வளவு வந்துச்சு?"

என் முகத்தைப் பார்த்தாள். "எவ்வளவு வரணும் டீச்சர்?" என்றாள்.

கிண்டலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.