சொல்லக் கூடாத ஒற்றை வார்த்தை

மே 20

சண்டை வழக்கத்துக்காகத் தலையை மழித்தாயிற்று. இது பன்னிரண்டாவது மொட்டை. எங்கள் ஸ்டாம்ஃபர்ட் ஊரில் பெரிய மனிதர்களுக்குள் நிலத் தகராறு வந்தால் ஆளுக்கொரு வாடகைச் சண்டைக்காரனைப் பிடிப்பார்கள். எவன் ஜெயிக்கிறானோ அவன் பக்கம்தான் கடவுள் என்று நீதிபதிகள் தீர்ப்பு எழுதுவார்கள். படித்தவர்கள், சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

பதினோரு வழக்கில் நான் ஒருவனைக்கூட அடித்ததில்லை. சண்டைக்கு முதல்நாள் சாயங்காலமே சமாதானம் ஆகிவிடும். மொட்டைக்கும் சிவப்புத் தோல் சட்டைக்கும்தான் கூலி. இந்த முறை மடத்துத் தலைவருக்கும் சர் வாரினுக்கும் நடுவே ஒரு புல்வெளி. நான் மடத்து ஆள். எதிர் ஆள் என் சிநேகிதன் ஹாமன். சமாதானம் ஆனதும் குடிக்கத் துணைக்கு ஆள் தேட வேண்டாம்.

மே 27

மடத்து வக்கீல் விதிகளை வாசித்தார். விடிந்ததிலிருந்து நட்சத்திரம் தெரிகிற வரை சண்டை. அதுவரை இரண்டு பேரும் தாக்குப்பிடித்தால் புல்வெளி சர் வாரினிடமே இருக்கும். அதற்குள் எவனாவது ‘கிரேவன்’ என்று சொன்னால் அவன் தோற்றவன்.

“அதுக்கு என்னங்க அர்த்தம்?”

“உயிர்ப்பிச்சை கேக்கறதுன்னு சிலர் சொல்றாங்க. நொறுங்கிப் போனவன்னு பிரெஞ்சுக்காரன் வார்த்தைங்கறாங்க சிலர். எவன் கண்டான்? சொன்னவன் கதிதான் எல்லாருக்கும் தெரியுமே.”

கதி இதுதான்: அவன் பேச்சு அதன்பிறகு எந்த நீதிமன்றத்திலும் செல்லாது. சாகிறவரை சாட்சி சொல்ல முடியாது.

ஊருக்குள் அந்த வார்த்தை படு சல்லிசு. சண்டையில் திரும்பி ஓடுகிற சேவல் கிரேவன். மூன்றாவது கோப்பையோடு நிறுத்திக்கொண்டு வீட்டுக்குக் கிளம்புகிறவன் கிரேவன். சந்தையில் ஒரு நாளைக்கு நாற்பது பேராவது கிரேவன் ஆகிறார்கள், ஒருத்தனுக்கும் ஒன்றும் ஆவதில்லை.

ஜூன் 2

தங்கை எமோட் வந்தாள். புருஷன் போன குளிர்காலத்தில் இறந்தான். இப்போது அவள் கொழுந்தன், வீடு தனக்கு என்கிறான். ‘வீடு எமோட்டுக்கு’ என்று புருஷன் சாகும்போது சொன்னதைக் கேட்டவர்கள் இரண்டே பேர், நானும் ஹாமனும். இரண்டு சாட்சி கட்டாயம் வேண்டும். செப்டம்பரில் வழக்கு.

“அண்ணா, ரெண்டு பேர்ல யாரும் அந்தக் கருமம் புடிச்ச வார்த்தையைச் சொல்லித் தொலைச்சுடாதீங்க.”

“சண்டையே நடக்காதுடி. பதினோரு தடவை பார்த்தவன் சொல்றேன்.”

ஜூன் 10

சமாதானம் ஆகவில்லை. மடத்துத் தலைவர் கனவில் ஒரு புனிதர் வந்து, புல்வெளி உனக்கே என்றாராம். அந்தப் புனிதரே தடியெடுத்து வந்து சண்டை போடமாட்டாராம். அதற்குத்தான் நான்.

ஹாமனிடம் பேசிவிட்டேன். கேடயத்தில் மட்டும் தட்டுவது, நட்சத்திரம் வரும்வரை ஓட்டிவிடுவது. நாளை பர்னபாஸ் திருநாள், வருஷத்திலேயே நீண்ட பகல் என்று ஊரில் சொல்வார்கள். அந்தக் கனவு டிசம்பரில் வந்திருக்கக் கூடாதா?

ஜூன் 11

சொல்லிவிட்டேன்.

ஜூன் 15

இன்றுதான் மிச்சத்தை எழுத உட்கார்ந்தேன்.

மதியம்வரை நன்றாகத்தான் நடித்தோம். பிறகு கூட்டத்துக்குச் சலித்துவிட்டது. வறுத்த பட்டாணியை மென்றுகொண்டே, வேடிக்கை பார்க்க வந்த வீரர்கள் கத்த ஆரம்பித்தார்கள். “ஏய், ரெண்டும் கிரேவன்டா! பொம்பளையை எறக்குங்கடா!” நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஹாமனுக்கு மூக்குமேல் கோபம். நிஜமாகவே ஓங்கி ஒன்று விட்டான். நானும் யோசிக்காமல் திருப்பி வீசினேன். இருபது வருஷப் பயிற்சி, பாழாய்ப்போன பயிற்சி. அவன் முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது.

நடுவர் கிட்டே வந்தார். “அவன் சொல்ற வரைக்கும் அடி. அடிக்க மனசில்லைன்னா நீ சொல்லு. வேற வழி கிடையாது.” பொழுது சாய இன்னும் ஐந்து மணி நேரம்.

“சொல்லித் தொலைடா ஹாமா.”

“மாட்டேன். உன் தங்கச்சி வீடுடா அது. நீ அடி. நான் தாங்குவேன்.”

தாங்குவானாம். முகம் சுண்ணாம்பாய் வெளுத்துக் கிடக்கிறான், பேச்சைப் பார். இன்னும் நாலு அடி விழுந்தால் செத்திருப்பான். எமோட்டை நினைத்தேன். நினைத்துக்கொண்டேதான் சொன்னேன். அந்தப் பக்கம் காதில் விழவில்லையாம், இன்னொரு தடவை சத்தமாகச் சொல்லச் சொன்னார்கள். சொன்னேன்.

ஜூலை 9

மடத்துத் தலைவருக்கு இன்னும் கனவு வருகிறதாம். எமோட் என்னோடு பேசுவதில்லை.

செப்டம்பர் 30

நேற்று வழக்கு. எழுத்தர் என் பெயரைப் பார்த்துவிட்டு, என்னைப் பார்க்காமலே கோடு போட்டார். ஹாமன் மட்டும் சாட்சி சொன்னான். ஒரு சாட்சி போதாது. கொழுந்தன் ஜெயித்தான். வெளியே வந்து எனக்கு வணக்கம் வேறு வைத்தான், நல்ல வளர்ப்பு.

அக்டோபர் 4

எமோட் என் வீட்டுக்கே குடி வந்துவிட்டாள். அவள் கட்டில் என் வாசலில் நுழையவில்லை. கதவைக் கழற்ற வேண்டியதாயிற்று. ஹாமன் கோலை ஊன்றிக்கொண்டு வந்து ஒரு முனையைப் பிடித்தான். நான் மறுமுனை. ஜூனிலிருந்து வாய் திறக்காதவள் உள்ளேயிருந்து சொன்னாள்: “அண்ணா, அவரு பக்கம் கனம் போகாம தூக்கு. அவரோட அந்தக் கால் என் வீட்டு வெலை.”