இருபது எழுத்துக்குள் அடங்காத பெயர்

கொட்டாஞ்சேனை,
கொழும்பு 13.
12.11.2024

அன்பு மகன் ரெனால்டுக்கு,

நீயும் டோரினும் மெல்பேர்னில் நோய்நொடியின்றி இருக்க அந்தோனியாரை மன்றாடுகிறேன். நான் இருக்கிறேன், முழங்கால்தான் ஒத்துழைக்க மறுக்கிறது. ஒரு கிழமையாக மழை, சுவரெல்லாம் பூஞ்சணம். எவ்லின் மாமியின் முப்பதாம் நாள் பூசை சனிக்கிழமை முடிந்தது. வந்தவர்கள் ஏழு பேர், அதில் இருவர் மழைக்கு ஒதுங்கியவர்கள். தபாலில் போட்டால் இது உன்னிடம் வந்துசேர நாளாகும் என்பதால் கீழ்வீட்டு ரொனி படம்பிடித்து வட்ஸ்அப்பில் அனுப்புவான். பயப்படாதே, அவனுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை நீ சொன்னதையே இரண்டு நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்கு வைத்தியரைப் பார்க்கும் நாளை நினைவூட்டும் புரோகிராமில் நீ எழுதிய ஒரு வரியால், பதினொரு நாட்களாக அறுபத்து மூன்று பேருக்குச் செய்தி போகவில்லை. வியாழக்கிழமை நீயே கண்டுபிடித்துச் சத்தமில்லாமல் திருத்திவிட்டாய், ஒருவருக்கும் தெரியாது. "புரோகிராம் எழுதினா பிழை வரத்தான் செய்யும் அம்மா, அதை ஏற்றுக்கொள்ளப் பழகவேணும் எண்டுதான் இஞ்ச சொல்லித் தாறாங்கள். திருத்தியாச்சு, இனி ஏன் கிளறுவான்?" என்றாய். முதற்பாதி முழு உண்மை. கணிதம் படித்து எட்டு வருடம் புரோகிராம் எழுதியவள் நான். ஒன்றுகூட முதல் ஓட்டத்தில் சரிவந்ததில்லை. பிழையே விடாமல் எழுதினேன் என்று ஒருவன் சொன்னால் அவன் இன்னும் அதை ஓட்டிப்பார்க்கவில்லை என்று அர்த்தம். பிழை விட்டதற்காக உன்னை ஒரு சொல் ஏசமாட்டேன். இரண்டாம் பாதிக்காகத்தான் இந்தக் கடிதம்.

உனக்கு இதுவரை சொல்லாத ஒன்று. 1980இல், துறைமுகத் தொழிலாளருக்குத் தொடர்மாடி வீடுகள் பகிர்ந்த ஓர் அலுவலகத்தின் கணினிப் பிரிவில் இருந்தேன். அப்போதெல்லாம் கணினிக்குத் துளையிட்ட அட்டைகளில்தான் விவரம் கொடுப்போம். பெயருக்கு இருபது ஆங்கில எழுத்துக்கு மேல் இடமில்லை. ஒரே விலாசத்தில் ஒரே பெயர் இரண்டு தரம் வந்தால் ஒன்றை நீக்கும்படி எழுதியிருந்தேன். அலுவலகத்தாரின் பெயர்களை வைத்தே சோதித்தேன். பெரேரா, பெர்னாண்டோ, எல்லாம் ஒழுங்காக ஓடியது. தகப்பன் பெயரை முழுதாக முன்னால் எழுதும் மனிதர்களை நான், ஒரு தமிழச்சி, நினைக்கவேயில்லை. கொச்சிக்கடையில் ஒரே வீட்டில் அண்ணன் தம்பி இருவர்: முத்துக்கறுப்பன் சுடலைமுத்து, முத்துக்கறுப்பன் சுடலையாண்டி. இருபதாவது எழுத்தோடு வெட்டினால் இருவரும் ஒருவரே. தம்பிக்கு வீடு கிடைத்தது. சுடலைமுத்து பட்டியலிலேயே இல்லை. அவர் நான்கு முறை வந்தார். "மெஷின் பிழை விடாது, நீதான் ஃபோமைப் பிழையா நிரப்பியிருப்பாய்" என்று பிரிவுத் தலைவர் ஒவ்வொரு முறையும் திருப்பி அனுப்பினார். நான்காம் முறை சுடலைமுத்து திரும்பிப் போன பிறகு அட்டைகளை எடுத்துப் பார்த்து என் பிழையைக் கண்டேன். அடுத்த பட்டியல் சரியாக வரும்படி மறுநாளே திருத்தினேன். அந்தப் பட்டியல் வரவேயில்லை, பிறகு வீடுகள் கட்டப்படவுமில்லை. கொடுத்தது கொடுத்தாயிற்று, இனி ஏன் கிளறுவான் என்று நானும் இருந்துவிட்டேன்.

நேற்றுக் கொச்சிக்கடைக்குப் போனேன். விலாசம் எனக்கு மனப்பாடம். சுடலைமுத்து இறந்து ஒன்பது வருடமாம். மகள் அதே ஒற்றை அறையில் இருந்துகொண்டு வாசலில் மெழுகுதிரி விற்கிறாள். யாரென்று சொல்லாமல் அந்த வீட்டுப் பட்டியலைப் பற்றிக் கேட்டேன். "அது அப்பா ஃபாரத்த தப்பா நெரப்புனதுங்க. சாகுற வரைக்கும் அதையேதான் சொல்லிக்கிட்டு இருந்தாரு. அந்த வீடு போனதுக்கப்புறம் ஒரு ஃபாரத்தையும் கையால தொடமாட்டாரு, எங்க ஸ்கூல் ஃபாரத்தக்கூட பக்கத்து வீட்டுக்காரருதான் நெரப்பிக் குடுப்பாரு" என்றாள். நான் உண்மையைச் சொன்னேன். அவள் அழவுமில்லை, ஏசவுமில்லை, மெழுகுதிரிகளை அடுக்கிக்கொண்டே, "இத அப்பாகிட்ட வந்து சொல்லியிருக்கலாமே மிஸ். ஒரு நடதானே" என்றாள். ஒரு நடைதான். எங்கள் அலுவலகத்திலிருந்து பத்து நிமிடம்.

உன்னுடைய அறுபத்து மூன்று பேரும் இப்போது தாங்களே அந்த நாளை மறந்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருப்பார்கள். வயதானவர்கள் தங்கள் மூளை கலங்கத் தொடங்கிவிட்டதென்றே பயந்துபோவார்கள். அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆகவே நாளைக் காலை உன் மேலதிகாரியிடம் போ. பெயர்ப்பட்டியலைக் கையோடு கொண்டுபோ. ஒவ்வொருவரையும் அழைத்து, தவறு எங்களுடையது என்று சொல்லச் சொல். உங்கள் நிரந்தர வதிவிட விண்ணப்பம் இந்த வேலையில்தான் தங்கியிருக்கிறது என்பது எனக்குத் தெரியாததல்ல. அது போனாலும் போகட்டும் என்று எழுதக் கை வரவில்லை; ஆனாலும் எழுதுகிறேன்.

டோரின் இரும்பு மாத்திரையை விடாமல் எடுக்கட்டும். ஆண்டவர் உங்கள் இருவரையும் தம் கையில் வைத்துக் காக்கட்டும். நீ சொல்லாவிட்டால் நான் என்ன செய்வேன் என்று யோசித்துக்கொண்டிருக்காதே. ஒன்றும் செய்யமாட்டேன். நாற்பத்து நான்கு வருடம் அதைத்தான் செய்தேன்.

உன் அம்மா,
யூஜினா