மீனம்மாவின் வாசலில் பொட்டு

மேல்மலைத் தோட்டம்,
லிந்துலை.
10.6.1956

அன்புத் தங்கை சண்முகவடிவுக்கு,

அண்ணன் நல்லமுத்து எழுதுவது. எனக்குச் சுகத்துக்குக் குறைவில்லை. பூண்டுலோயா மழைக்கும் குளிருக்கும் நீயும் மாப்பிள்ளை தம்பையாவும் எப்படி இருக்கிறீர்கள்? கல்யாணமாகிப் போன ஐந்து மாதத்தில் மூன்று கடிதம் போட்டாய். மூன்றிலும் என்னைப் பற்றி ஒரு வரி, உன் நாயைப் பற்றி ஒரு பக்கம். ஆகவே பொட்டின் சமாச்சாரத்தையே முதலில் எழுதுகிறேன்.

பொட்டு உயிரோடு இருக்கிறாள். இப்படி எழுதவேண்டி வந்ததற்குக் காரணம் உண்டு. பக்கத்துத் தோட்டத்தில் வெறிநாய் கடித்து ஒரு பெண் இறந்துபோனாள். மறுநாள் காலைப் பெரட்டில், ஆட்களை மலைக்குப் பிரிப்பதற்கு முன்பே கண்டாக்கு ஐயா சொன்னார்: "லயத்து வீடுகள்ல ஒரு நாய் இருக்கப்படாது. தொரை உத்தரவு." தோட்டத்துக் காவல்காரன் நான். பங்களாவிலிருந்து துப்பாக்கியை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டார்கள்.

இரண்டு நாளில் பதினொரு நாய். பெரும்பாலும் அவரவரே கட்டிக் கொண்டுவந்தார்கள். மூக்கன் மட்டும் தன் நாயைத் தடவிக்கொண்டே நின்றான். கையை எடுக்கச் சொல்ல வேண்டியிருந்தது. மீனம்மா அக்காவின் நாய் செவலையும் போயிற்று.

பொட்டை முதல் நாள் விடியுமுன்பே காட்டோரத்துப் பழைய மாட்டுக் கொட்டிலில் கட்டிவிட்டேன். மழைக்கான் வெள்ளத்தில் அடித்துக்கொண்டு வந்த குட்டியை நீ முந்தானையில் சுற்றித் தூக்கி வந்தாய். அவளையும் சுட்டுவிட்டு உனக்கு என்னவென்று எழுதுவது? இதை யாரிடமும் சொல்லாதே.

உன் அண்ணன்,
நல்லமுத்து


பூண்டுலோயா
21.6.1956

அன்புள்ள அண்ணனுக்கு,

வடிவு எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் நலம். உங்கள் கடிதத்தைக் கொழுந்து பறிக்கும் மலையிலேயே பிரித்துவிட்டேன். பொட்டு இருக்கிறாள் என்று எழுதியிருந்ததை இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் மேலே படித்தேன்.

கல்யாணத்தின்போது நாய் வேண்டாம் என்ற உங்கள் மாப்பிள்ளை இப்போது என்ன சொன்னார் தெரியுமா? "இந்தத் தோட்டத்துல ஒரு உத்தரவும் இல்ல. கொண்டாரச் சொல்லு வடிவு." வாசலோரம் தகரம் போட்டு அவளுக்கு இடமும் செய்திருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டி வாருங்கள். பஸ்ஸில் ஏற்றமாட்டார்கள் என்றால், தலவாக்கலை வரை நாங்களே வந்து நடத்திக் கூட்டிப் போகிறோம்.

ஒன்று கேட்கிறேன், கோபிக்காதீர்கள். மீனம்மா அக்காவுக்குக் காது அறவே கேட்காது. புருஷன் போனபிறகு தனி ஆள். காலையில் பெரட்டுக்கு அழைக்கும் தப்பு மேளம் அடித்ததும் செவலைதான் கம்பளியை இழுத்து அவரை எழுப்பும். இனி யார் எழுப்புவார்கள்? அவரிடம் என்ன சொன்னீர்கள்?

உங்கள் தங்கை,
வடிவு


பூண்டுலோயா
5.8.1956

அண்ணனுக்கு,

ஆறு வாரமாகப் பதில் இல்லை. தகரத்தின் கீழே பக்கத்து வீட்டுக் கோழிகள் படுக்கின்றன. பொட்டு இருக்கிறாளா, இல்லையா? அதை மட்டுமாவது எழுதுங்கள்.

வடிவு


மேல்மலைத் தோட்டம்,
லிந்துலை.
9.9.1956

அன்புத் தங்கைக்கு,

இருக்கிறாள். பயப்படாதே. ஆனால் அவளை நான் உன்னிடம் கொண்டுவரப் போவதில்லை. நடந்ததை எழுதுகிறேன்.

மீனம்மா அக்காவிடம் என்ன சொன்னீர்கள் என்று கேட்டிருந்தாய். ஒன்றும் சொல்லவில்லை. காது கேட்காதவரிடம் என்ன சொல்வது என்று இருந்துவிட்டேன். நீ எழுதியது போலத்தான் ஆயிற்று. அவர் பெரட்டுக்குப் பிந்தி வர ஆரம்பித்தார். பிந்தினால் அன்றைக்கு வேலை இல்லை. இப்படிப் பல நாள். ஒரு நாள் நான் பக்கத்தில் நிற்கும்போதே திருப்பி அனுப்பினார்கள். கொழுந்துக் கூடையை மாட்டியபடி, கணக்கப்பிள்ளையின் வாயையே பார்த்துக்கொண்டு மழையில் நின்றார். பிறகு திரும்பி நடந்தார்.

அன்று மாலை மூக்கன் என்னை வழியில் நிறுத்தினான். விறகுக்குப் போனவன் கொட்டிலில் பொட்டைப் பார்த்திருக்கிறான். "எங்க நாய்களச் சுட்ட கையாலதானே ஒங்க நாய்க்குச் சோறு போடுற" என்றான். கண்டாக்கிடம் அவன் போகவில்லை. போயிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

நான்கு நாள் பார்த்தேன். பிறகு நானே கண்டாக்கு ஐயாவிடம் போய் உள்ளதைச் சொன்னேன். "நாயை ஒளிச்சவனுக்குக் காவல் வேலை எதுக்கு?" என்றார். இப்போது கவ்வாத்து மலையில் தேயிலைச் செடி வெட்டும் கத்தி பிடிக்கிறேன். இரண்டு மாதத்துக்கு மேல் கட்டிக்கிடந்தும் பொட்டுக்கு நோய் இல்லை, மீனம்மாவுக்கு மட்டும் அனுமதி கொடுங்கள் என்று கேட்டேன். தொரையிடம் கேட்டு, கழுத்தில் பட்டை போட்டு வைத்துக்கொள்ளலாம் என்று சொன்னார்.

ஆகஸ்ட் கடைசியில் ஒரு காலை பொட்டை மீனம்மா அக்காவின் வாசல் தூணில் கட்டினேன். அக்கா கதவைத் திறந்து நாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் வந்துவிட்டேன்.

உன்னைக் கேட்கவில்லை. கேட்டால் மாட்டேன் என்று சொல்லிவிடுவாயோ என்று பயம்.

நல்லமுத்து


பூண்டுலோயா
25.9.1956

அன்புள்ள அண்ணனுக்கு,

கேட்டிருந்தால் மாட்டேன் என்றுதான் சொல்லியிருப்பேன். இரண்டு நாள் அழுதுவிட்டு, பிறகு சரி என்று எழுதியிருப்பேன். அந்த இரண்டு நாளை எனக்கு நீங்கள் தரவில்லை. உங்கள் மேல் எனக்குள்ள கோபம் அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை நான் மட்டும் லிந்துலைக்கு வந்தேன். உங்கள் காம்பராவுக்கு வரவில்லை, நேரே மீனம்மா அக்காவிடம் போனேன். பொட்டு என் தோளில் காலைப் போட்டு, சேலையைக் கிழித்து, முகமெல்லாம் நக்கினாள். கூட்டிப் போய்விடலாம் என்றுதான் ஒரு கயிறும் கொண்டு வந்திருந்தேன். உங்களுக்கு எழுதாமலே கூட்டிப் போய்விட நினைத்தேன்.

அக்கா தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். முதல் வாரம் பொட்டு ஒன்றுக்கும் உதவவில்லையாம். தப்பு அடித்தால் கதவோரம் நின்று குரைப்பாளாம், அது அக்காவுக்கு எங்கே கேட்கும்? அவளைக் கட்டிலோரம் படுக்கவைத்து, கழுத்துக் கயிற்றைத் தன் மணிக்கட்டில் கட்டிக்கொண்டு தூங்கினாராம். அவள் துள்ளினால் இவர் விழிப்பார். மூன்று வாரமாக ஒரு நாளும் பிந்தவில்லை. மணிக்கட்டில் கயிறு உரசிய தடத்தைக் காட்டினார்.

நான் கொண்டுபோன கயிறு கனமானது, தோலை அறுக்காது. அதை அவரிடமே கொடுத்துவிட்டு வந்தேன்.

புறப்படும்போது அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"ஒங்கண்ணன் நாயக் கட்டிப்புட்டு ஒரு வார்த்த பேசாமப் போயிட்டான். எனக்குக் காதுதான் கேக்காது வடிவு. வாயப் பாத்தாப் புரியும். அவன் வந்து, என் மூஞ்சியப் பாத்து, என்னத்தச் சொல்லணுமோ அதச் சொல்லட்டும். சொன்னப்புறம் நான் மன்னிக்கிறதா வேணாமான்னு பாக்குறேன்."

இரண்டு வாசல் தள்ளித்தானே இருக்கிறீர்கள், அண்ணா. போய்விட்டு வந்து எனக்கு எழுதுங்கள். போகாமல் எழுதவேண்டாம்.

வடிவு